பந்தயச் சாலையில் ஒரு புத்தர்

கோயில் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று நம் ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு படம் இருக்கிறது. பாலக்காட்டு நண்பர்களுக்கு அது ஓடு வேய்ந்த கூரை, ஆலமரம், சுவர் முழுவதும் வரிசையாக எரியும் விளக்குகள். சித்தூரைத் தாண்டிக் கிழக்கே போனால் படம் மாறுகிறது. கோபுரமும் தேரும் வந்துவிடுகின்றன. மூணாற்று மலையில் வளர்ந்த எனக்கோ, தேயிலைச் செடிகளின் நடுவே ஊன்றிய ஒரு வேலும், மேலே ஒரு தகரக் கூரையும், திருவிழாவுக்குத் திருவிழா வெள்ளையடிக்கும் ஒரு குட்டிச் சுவருமே கோயில். மனத்திலுள்ள படத்துக்குப் பொருந்தாத கோயிலைக் காணும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. அப்படி என்னை முதலில் சிரிக்க வைத்து, பிறகு நெடுநாள் சிந்திக்கவும் வைத்த ஒரு கோயிலைப்பற்றி நம் மன்ற மலரில் எழுத விரும்புகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் ஆய்வுப் பயிற்சிக்காக இரண்டு மாதம் சிங்கப்பூரில் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வார நாட்கள் ஆய்வுக்கூடத்தில் கழிந்தன. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கால்கள் தாமாகவே சிராங்கூன் சாலைக்கு நடந்துவிடும். அங்கே மல்லிகைப் பூவும் உண்டு, தோசையும் உண்டு, தமிழில் எழுதிய கடைப் பலகையும் உண்டு. அந்தச் சாலைக்குப் பக்கவாட்டில் ஓடுவது ரேஸ் கோர்ஸ் சாலை. 1933இல் புக்கித் தீமாவுக்கு மாறும்வரை அப்பகுதியில்தான் குதிரைப் பந்தயம் நடந்ததாம். குதிரைகள் போய்விட்டன, பெயர் மட்டும் சாலையில் தங்கிவிட்டது. தைப்பூசக் காவடிகள் புறப்படும் சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து சில நிமிடம் நடந்தால், இந்தப் பந்தயச் சாலையில் 366ஆம் எண்ணுள்ள கட்டடத்தை அடையலாம். சாக்கியமுனி புத்தகயா கோயில் என்பது அதன் முறையான பெயர். ஆயிரம் விளக்குக் கோயில் என்றால்தான் ஊருக்குத் தெரியும்.

என்னை அழைத்துப் போனவர் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ் நண்பர். வாயிலை நெருங்கும்போதே, "உள்ளே போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், இது கோயிலா, பொருட்காட்சியா?" என்று கேட்டுச் சிரித்தார்.

அவர் சிரித்ததில் வியப்பில்லை. வாயிற்காவலர்களாக நிற்பவை ஒரு புலியும் ஒரு சிறுத்தையும். நம் ஊர்க் கோயில்களின் யாளியைப்போல் அவை அச்சமூட்டவில்லை. திருவிழாக் கடையில் விற்கும் பொம்மைகள் ஓர் இரவில் வளர்ந்து பெரிதாகிவிட்டாற்போல் இருந்தன. கோயில் எழுவதற்குப் பொருளுதவி செய்தவர்களுள் ஆவ் பூன் ஹாவ், ஆவ் பூன் பார் என்னும் சகோதரர்களைச் சொல்லுகிறார்கள். இரங்கூனிலிருந்து வந்து, புலி முத்திரைத் தைலத்தை உலகெங்கும் விற்றவர்கள் இவர்கள். "தைலத்துப் புலி கோயிலுக்குக் காவலாக வந்துவிட்டதோ!" என்று நான் சொல்ல, நண்பர் மீண்டும் சிரித்தார்.

உள்ளே நுழைந்ததும் சிரிப்பு ஒருகணம் நின்றது. எதிரே அமர்ந்த கோலத்தில் புத்தர். உயரம் 15 மீட்டர். எடை ஏறத்தாழ 300 டன். பௌதிகம் படிப்பவனுக்கு எண்ணைக் கேட்டால் உடனே ஒப்பிட்டுப் பார்க்கும் நோய் உண்டு. ஒரு கொம்பன் யானைக்கு ஐந்து டன் என்று வைத்துக்கொண்டால், அறுபது யானைகள் சேர்ந்து ஒரே இடத்தில் சும்மா அமர்ந்திருப்பதற்குச் சமம் அது. அவரைச் சுற்றித்தான் அந்த ஆயிரம் விளக்குகள். அகல் அல்ல, தீபமும் அல்ல, எல்லாம் மின் விளக்குகள்.

பீடத்தைச் சுற்றிச் சித்தார்த்தரின் வாழ்க்கை வண்ணக் காட்சிகளாக விரிகிறது. பின்புறம் சிறு வாயில் ஒன்று. அதனுள் புகுந்தால் பள்ளிகொண்ட கோலத்தில் மற்றொரு புத்தர். வெளியே வானளாவ அமர்ந்திருப்பவர், உள்ளே ஒரு சிற்றறையில் அமைதியாகப் படுத்திருக்கிறார். இவையெல்லாம் புத்தர் கோயிலில் இருக்கவேண்டியவையே. ஆனால் அதே கூரையின்கீழ் பிள்ளையார் இருக்கிறார்! நான்முகன் இருக்கிறார்! சீனர் வணங்கும் கருணைத் தெய்வமான குவான் யின் இருக்கிறார்! போதி மரத்தின் பட்டை என்று ஒரு துண்டைப் போற்றி வைத்திருக்கிறார்கள். இவையெல்லாம் போதா என்று ஓர் அதிர்ஷ்டச் சக்கரமும் இருக்கிறது.

சாரநாத்தில் தருமச் சக்கரத்தை உருட்டியவர் கோயிலில் அதிர்ஷ்டச் சக்கரமா? ஒரு காசு கொடுத்துச் சுழற்றினால், அது எந்த எண்ணில் நிற்கிறதோ அந்த எண்ணுக்குரிய பலனைப் படித்துக்கொள்ளலாம். எனக்கு முன்னே ஒரு சீன மூதாட்டி சுழற்றினார், பலனைப் படித்தார், முகம் சுளித்தார், இன்னொரு காசைப் போட்டு மறுபடியும் சுழற்றினார். இரண்டாவது பலன் அவருக்குப் பிடித்திருக்கவேண்டும். என்னைப் பார்த்துக் கண் சிமிட்டிவிட்டு நகர்ந்தார். ஒரு சுழற்சி அடுத்த சுழற்சியைக் கட்டுப்படுத்தாது என்று நிகழ்தகவுப் பாடத்தில் நான் ஒரு பருவம் முழுவதும் படித்ததை, அந்த அம்மையார் ஒரு நிமிடத்தில் செய்து காட்டிவிட்டார். நானும் சுழற்றினேன். பயணம் வேண்டாம் என்ற பொருளில் பலன் வந்தது. எனக்கோ அடுத்த வாரம் கொச்சிக்கு விமானச்சீட்டு எடுத்தாயிற்று. மறுபடியும் சுழற்றக் கை துறுதுறுத்தது. அறிவியல் மாணவன் என்ற மானம் தடுத்துவிட்டது!

இவ்வளவுடன் நிறுத்தியிருந்தால் இது வெறும் வேடிக்கைக் கட்டுரையாகிவிடும். நான் அந்தக் கோயிலுக்குள் ஒரு பணியோடு போயிருந்தேன். அதைச் சொல்லவேண்டும்.

என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம். அம்மா பிறந்ததே லயத்தில்தான். வருகிற ஆண்டு அவருக்கு ஓய்வு. எங்கள் தோட்ட வழக்கப்படி, ஓய்வு பெற்றவர் வீட்டில் வேறு யாரும் தோட்ட வேலையில் இல்லையென்றால் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். அப்பா இல்லை. அக்கா பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். நானோ படித்துக்கொண்டிருக்கிறேன். ஐம்பத்தெட்டு ஆண்டு வாழ்ந்த இடத்தை விட்டு ஒரு பெண் எங்கே போவாள்? சங்கரன்கோவில் மாமா, "மலையாள நாட்டில் இன்னும் என்ன வேலை? சொந்த ஊருக்கு வந்து சேருங்கள்" என்று சொல்லி அனுப்பினார். அம்மாவுக்கு அந்தச் சொந்த ஊரில் தெரிந்த முகங்கள் பத்துகூட இல்லை.

நான் சிங்கப்பூர் புறப்பட்ட அன்று அம்மா கேட்டவை இரண்டே. ஒன்று, கோடாலித் தைலம். மற்றொன்று, "எய்யா, அங்க எந்தக் கோயிலுக்குப் போனாலும் என் பேரச் சொல்லி ஒரு விளக்குப் போடு. எங்கயாவது ஒரு இடம் அமையட்டும்."

பெருமாள் கோயிலில் போட்டிருக்கலாம். நண்பர் பேச்சில் அன்று நேரம் போய்விட்டது. ஆயிரம் விளக்கு எரியும் இடத்தில் ஒரு விளக்குக்கா பஞ்சம் என்று இங்கே வந்தேன். வந்து பார்த்தால், எண்ணெயும் இல்லை, திரியும் இல்லை. விளக்குகளோ முன்பே எரிந்துகொண்டிருந்தன. காணிக்கைப் பெட்டியில் பணத்தைப் போட்டுவிட்டுச் சற்றுநேரம் விழித்தேன். பிறகு புத்தரின் இடத் தோள் பக்கமாக ஒரு விளக்கைத் தேர்ந்து, "இது அம்மாவுக்கு" என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டேன்.

மின்விளக்கைப்பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் எங்கள் மலையடியில், பள்ளிவாசலில், 1940இல் தொடங்கியது. எங்கள் ஆற்றுநீர் ஒளியாக மாறி எங்கெங்கோ எரிந்த பிறகும், அம்மா தம் சிறு வயதில் லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கோடுதான் இருந்தார். அதனால் மின்விளக்கு என்றால் அது பிறருக்குரியது என்று அவர் மனத்தில் ஓர் எண்ணம். எங்கோ கடல் கடந்த நாட்டில், யாரோ ஏற்றி வைத்த மின்விளக்கை அவருக்கு உரியதாக்கிவிட்டு நிற்கிறேனே, இது செல்லுமா என்று எனக்கு ஐயம் வந்தது.

அப்போதுதான் வாயிலருகே இருந்த பாதச்சுவட்டைக் கவனித்தேன். ஓர் ஆள் உயரத்துக்கும் மேல் நீளமான திருவடி. கருமரத்தில் முத்துச்சிப்பி பதித்தது. இலங்கைச் சிவனொளிபாத மலையின் உச்சியிலுள்ள சுவட்டின் படி என்கிறார்கள். அந்த மலை 2,243 மீட்டர் உயரம். நம் ஆனைமுடியைவிடக் குறைவு. உச்சியிலுள்ள சுவட்டைப் பௌத்தர் புத்தருடையது என்கின்றனர்; சைவர் சிவனுடையது என்கின்றனர்; முஸ்லிம்களும் கிறித்தவர்களும் ஆதாமுடையது என்கின்றனர். சுவடு ஒன்று, உரியவர் பலர். அம்மலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களோ எங்களைப்போல் தமிழகத்திலிருந்து மலையேறியவர்களின் வழிவந்தவர்கள். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களுள் இலட்சக்கணக்கானோர் பிறந்த மண்ணை விட்டு, "சொந்த நாடு" என்று காகிதத்தில் எழுதிய இடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு பாதச்சுவட்டுக்குப் பலர் உரிமை கொண்டாடும் மலையில், பல்லாயிரம் உயிருள்ள பாதங்களுக்கு இடம் மறுக்கப்பட்டது.

இந்த நினைவோடு திரும்பிப் பார்த்தபோது, அந்தக் கோயிலின் விந்தைகள் எனக்கு வேறாகத் தெரிந்தன. அதனை 1927இல் நிறுவியவர் வுத்திசாசரா என்னும் தாய்லாந்துத் துறவி. அவரே வெளியூரார். பொருளுதவி செய்தவர்கள் பர்மாவிலிருந்து வந்த சீனர். சாலையின் எதிர்ப்புறத்தில் லோங் சான் சீ என்னும் சீனக் கோயில். பின்னால் சிராங்கூன் சாலை முழுவதும் தமிழர். வந்து சேர்ந்தவர்கள் ஆளுக்கொன்றைக் கொண்டுவந்தார்கள். சிலர் சிலை கொண்டுவந்தார்கள். சிலர் சக்கரம் கொண்டுவந்தார்கள். சிலர் ஒரு துண்டு மரப்பட்டை கொண்டுவந்தார்கள். "இது எங்கள் முறைக்குப் பொருந்தாது" என்று யாரையும் வாயிலில் நிறுத்தவில்லை. நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். பிள்ளையாருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேனே, அடுத்த தெருவில் தமிழர் இருக்கும்போது அவர் வராமல் வேறு யார் வருவார்? இடம் கொடுத்துக் கொடுத்துத்தான் அக்கோயில் அத்தனை விசித்திரமாகிவிட்டது.

இது நமக்குப் புதிதும் அன்று. ஸ்ரீவிஜய மன்னன் ஒருவன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் புத்தர் கோயிலை எழுப்பியபோது, சிவபாதசேகரன் என்று பெயர் பூண்ட இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரையே அதற்கு விட்டுக்கொடுத்தான் என்று செப்பேடு சொல்லுகிறது. ஆயிரம் ஆண்டுகட்குமுன் கடலுக்கு அப்பாலிருந்து வந்த புத்தருக்குத் தமிழ்நாட்டில் இடம் கிடைத்தது. இன்று கடல் கடந்து போன தமிழனின் பிள்ளையாருக்குப் புத்தர் இடம் கொடுத்திருக்கிறார். கடன் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் மலையாள நாட்டுக்கும் இதில் பங்குண்டு. மணிமேகலை பல சமயத்தாரின் கொள்கைகளையும் கேட்டறிந்தது சேர நாட்டு வஞ்சி நகரில்தான். ஆலப்புழை மாவட்டத்துக் கருமாடியில் இடப்பக்கம் சிதைந்துபோன கருங்கல் புத்தர் ஒருவர் இருக்கிறார். ஊரார் அவரைக் கருமாடிக்குட்டன் என்று, ஏதோ அடுத்த வீட்டுச் சிறுவனைப்போல் அழைக்கிறார்கள். வணங்கிவந்த கூட்டம் கலைந்துபோன பின்பும் அவருக்கு ஓர் ஊரும் ஒரு செல்லப்பெயரும் மிஞ்சியிருக்கின்றன.

ஊர் திரும்பினேன், சக்கரம் எச்சரித்த பயணம் நலமாகவே முடிந்தது. தைலத்தைக் கொடுத்துவிட்டு, விளக்கின் கதையை அம்மாவிடம் சொன்னேன். எண்ணெய் ஊற்றி ஏற்றவில்லையே என்று வருந்துவார் என்று நினைத்தேன். அம்மா கேட்டது ஒன்றே: "அந்த விளக்கு இப்பவும் எரியுமாய்யா?"

"எரியும் அம்மா. ஆனால் அது யாரோ போட்டது."

"யாரோ போட்ட வெளிச்சத்துலதானேய்யா எல்லாரும் நடக்கோம்" என்று சொல்லிவிட்டு, தைலப் புட்டியைத் திறந்து முழங்காலில் தேய்த்துக்கொண்டார்.

அந்த வாரமே அக்காவும் அத்தானும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்தார்கள். அத்தான் அதிகம் பேசாதவர். அவர்கள் வீட்டுப் பூசை அலமாரியில் மேல்தட்டு முழுவதும் அவர் தாயாரின் சாமி படங்கள். குருவாயூரப்பனும் பழனியாண்டவரும் வேளாங்கண்ணி மாதாவும் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். அத்தான் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அந்த அலமாரியின் கீழ்த்தட்டு காலியாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. "அத்தை, உங்க முனியாண்டிக்கு இது போதுமா?" என்றார். வருகிறீர்களா என்று கேட்கவில்லை. இடத்தை ஒதுக்கிவிட்டுத்தான் வந்திருந்தார். அம்மா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "அங்க வெயில் தாங்காதே" என்றார். அந்த மறுப்பு சம்மதத்தின் முதற்படி என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வெயிலைப்பற்றியும், மலைக்கு ஆண்டுக்கு எத்தனை முறை அழைத்து வரவேண்டும் என்பதைப்பற்றியும் இப்போது பேச்சு நடக்கிறது. மின்விசிறி வாங்கும் பொறுப்பு என்னுடையது; என் உதவித்தொகை வந்ததும் முதற்செலவு அதுவே.

நண்பர்களே, எல்லைப்புறத்தில் பிறந்த நம்மிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உங்கள் சொந்த ஊர் எது?" கோயம்புத்தூரில் கேட்கிறார்கள்; திருவனந்தபுரத்திலும் கேட்கிறார்கள். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்களைப் பிரித்துக் கோடு போட்ட பிறகு, தேவிகுளத்திலும் பீருமேட்டிலும் சித்தூரிலும் உள்ள தமிழர் இந்தக் கேள்விக்கு விடை சொல்லிச் சொல்லியே மூன்று தலைமுறைகளைக் கழித்துவிட்டோம். நம் தமிழில் மலையாளம் கலந்திருக்கிறது என்று அங்கே சிரிக்கிறார்கள்; நம் மலையாளத்தில் தமிழ் ஒலிக்கிறது என்று இங்கே சிரிக்கிறார்கள். பந்தயச் சாலைக் கோயிலைப் பார்த்து நான் சிரித்ததும் அதே வகைச் சிரிப்புத்தான். கலந்து கிடப்பதைக் கண்டால் அது குறை என்று எண்ணிவிடுகிறோம். அங்கே யார் யாருக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆய்வுக்கூடத்தில் தூய பொருளுக்கு மதிப்பு அதிகம். கலப்புச் சேர்ந்தால் சோதனை கெட்டுவிடும். ஆனால் மனிதர் வாழும் இடம் ஆய்வுக்கூடம் அன்று. இரும்போடு சிறிது கரி கலந்தால்தான் அது எஃகாகிப் பாலத்தைத் தாங்குகிறது என்பதையும் அதே அறிவியல்தான் சொல்லுகிறது.

சிங்கப்பூர் நண்பர் கேட்ட கேள்விக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. பிறகு மடல் எழுதினேன்: "அது கோயில்தான். ஐயமில்லை. அடுத்தமுறை போனால் இடத் தோள் பக்கத்து விளக்கு எரிகிறதா என்று எனக்காகப் பார்த்துச் சொல்லுங்கள்." அவர் போய்ப் பார்த்து எழுதியிருந்தார். எரிகிறதாம். எது என் விளக்கு என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லையாம்.